அத்தியாயம் 7: ஜாவா – எகானமி ரயிலில் பங்க், மெட்டல் ஊர்கள்

ஆசியாவில் பங்க், மெட்டல் இசையைத் தேடிக் கையில் குறைந்த காசோடு கிளம்புகிறவருக்கு முதலில் எந்த ஊரைச் சொல்வது? என் பதில் இந்தோனேசியாவின் ஜாவா தீவு. டோக்கியோவிலும் அற்புதமான இசைக்குழுக்கள் உண்டு. ஆனால் அங்கே ஒரு சின்னக் கச்சேரிக்கான நுழைவுக் கட்டணமும் கூடவே வாங்க வேண்டிய பானச் சீட்டும் சேர்ந்தால், அந்தப் பணத்தில் ஜாவாவில் ஒரு முழு நாளைத் தங்குமிடம், சாப்பாடு, கச்சேரி எல்லாம் சேர்த்து ஓட்டிவிடலாம். சிங்கப்பூரில் இசை உண்டு, மலிவு இல்லை. ஜாவாவில் இரண்டும் உண்டு. தீவின் நீளம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். மேற்கிலிருந்து கிழக்கு வரை ரயில் ஓடுகிறது. அந்தப் பாதையில் பெரிய ஊர் என்று பெயர் பெற்ற ஒவ்வொன்றிலும் டெத் மெட்டல் வாசிக்கிறவர்களும் பங்க் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த அத்தியாயம் ஜகார்த்தாவில் தொடங்கி பாண்டுங், காருட், யோக்யகர்த்தா, சோலோ வழியாகப் பாலித் தீவு வரை போகிறது. மூன்று வாரம் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். பத்து நாள்தான் விடுப்பு என்றால் ஜகார்த்தா, பாண்டுங், யோக்யகர்த்தா மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி 1998 மே மாதம் முடிந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில், கூட்டமாகக் கூடுவதே சந்தேகத்துக்குரியதாக இருந்த காலத்தில், இந்த இசை கேசட் வழியாகக் கைக்குக் கை பரவியது. 1993 ஏப்ரலில் மெட்டாலிக்கா ஜகார்த்தாவின் லெபாக் புலுஸ் மைதானத்தில் இரண்டு இரவுகள் வாசித்தது. டிக்கெட் இல்லாமல் வெளியே நின்ற கூட்டத்தால் பெரும் கலவரம் மூண்டது. அதன்பின் பெரிய ராக் கச்சேரிகளுக்கு அனுமதி கிடைப்பது அரிதாயிற்று. இளைஞர்கள் உள்ளூர் அரங்குகளைப் பிடித்துக்கொண்டார்கள். பாண்டுங்கின் சபாருவா விளையாட்டரங்கம் தொண்ணூறுகளில் அப்படித்தான் பெயர் பெற்றது.

இன்னொரு தேதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 2008 பிப்ரவரி 9. பாண்டுங்கில் பிசைட் என்ற மெட்டல் குழுவின் ஆல்பம் வெளியீட்டு விழாவில், அரங்கின் கொள்ளளவை மீறிய நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த நகரத்தில் மெட்டல் கச்சேரிக்குக் காவல்துறை அனுமதி வாங்குவது நீண்ட காலம் பெரும்பாடாக இருந்தது. இன்றும் பல கச்சேரிகள் ஒத்திகை ஸ்டுடியோவிலும் காபிக் கடை மாடியிலும் சில பத்துப் பேர் முன்னால் நடப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம், காசு இன்னொரு காரணம்.

காசு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஜாவா புரிந்துவிடும். சின்னக் கச்சேரிகளைப் பெரும்பாலும் ‘கொலெக்திஃப்’ முறையில் நடத்துகிறார்கள். ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவது போல, மேடையேறும் ஒவ்வொரு குழுவும் பங்கு போட்டு ஸ்டுடியோ வாடகை, ஒலிபெருக்கி, சுவரொட்டி எல்லாவற்றையும் சமாளிக்கிறது. வாசிக்கிறவர் சம்பளம் வாங்குவதில்லை, கையிலிருந்து கொடுக்கிறார். வாசலில் நீங்கள் தரும் சிறு தொகை அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்புகிறது. மேலே படிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

போய்ச் சேர்வது

இந்தியக் கடவுச்சீட்டுக்கு இந்தோனேசியா வந்திறங்கியதும் விசா தருகிறது. கட்டணம் 5,00,000 ருபியா. 30 நாள் செல்லும், ஒருமுறை நீட்டிக்கலாம். இணையத்திலேயே முன்கூட்டி வாங்கிவிட்டால் விமான நிலைய வரிசை மிச்சம். இந்த விசாவில் சம்பளம் வாங்கி மேடையேற அனுமதி இல்லை. உங்கள் குழுவோடு வாசிக்கப் போவதாக இருந்தால், அழைக்கும் அமைப்பாளரிடம் பேசி அதற்குரிய விசாவை எடுத்துக்கொண்டு போங்கள். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் தூதரக அறிவிப்பை ஒருமுறை பாருங்கள்.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போவது பெரும்பாலும் மலிவு. சிங்கப்பூரில் நிற்க நேர்ந்தால் ருத்ரா குழுவின் ஆல்பங்களைத் தேடிப் பாருங்கள். 1992இல் அங்குள்ள இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய குழு அது. டெத் மெட்டலோடு வேதாந்தத்தையும் சமஸ்கிருத மந்திரங்களையும் சேர்த்துத் தனக்கென ஒரு பாணியை உண்டாக்கியது. அதே ஊரின் வோர்ம்ராட் குழு 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா வரை போனது.

ரயில்

ஜாவாவில் பேருந்தைவிட ரயில்தான் வசதி. மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

ஒன்று, நிலையத்தின் பெயர். ஜகார்த்தாவில் உயர்வகுப்பு ரயில்கள் காம்பிர் நிலையத்திலிருந்தும், மலிவான எகானமி ரயில்கள் பசார் செனன் நிலையத்திலிருந்தும் கிளம்பும். பாண்டுங்கில் மலிவு ரயில்களுக்குக் கியாராச்சொண்டொங், யோக்யகர்த்தாவில் லெம்புயாங்கான். டிக்கெட்டில் உள்ள பெயரைப் பார்க்காமல் ‘ஸ்டேஷனுக்குப் போ’ என்று வண்டிக்காரரிடம் சொன்னால் ஊரின் இன்னொரு மூலையில் நிற்பீர்கள்.

இரண்டு, அரசு மானியம் பெறும் ரயில்கள். பசார் செனனிலிருந்து பாண்டுங் வழியாகப் புர்வொகெர்த்தோ போகும் செராயு, கியாராச்சொண்டொங்கிலிருந்து யோக்யகர்த்தா வழியாகப் பிளிட்டார் போகும் கஹுரிப்பான், லெம்புயாங்கானிலிருந்து தீவின் கிழக்கு முனையான கெட்டாபாங் போகும் ஸ்ரீ தஞ்சுங் ஆகியவை அந்த வகை. பயண தூரம் எவ்வளவு ஆனாலும் கட்டணம் ஒரு லட்சம் ருபியாவுக்குள் அடங்கும். இருக்கை நிமிர்ந்து இருக்கும், எதிரே உள்ளவரின் முழங்கால் இடிக்கும், ஆனால் குளிர்சாதனம் உண்டு, நின்று பயணிக்கும் கூட்டம் கிடையாது. இரவு முழுக்க உட்கார்ந்து போவதானால் கழுத்துக்குத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, முன்பதிவு. ரயில்வேயின் செயலியில் கடவுச்சீட்டு எண் கொடுத்து வாங்கலாம். மானிய ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். வார இறுதிக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

ஜகார்த்தா–பாண்டுங் இடையே 2023 அக்டோபரில் வந்த அதிவேக ரயிலும் உண்டு. நேரம் மிச்சமாகும், பணம் ஆகாது. செராயுவைப் பகலில் பிடித்தால் மலைச் சரிவும் பள்ளத்தாக்குப் பாலங்களும் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஜகார்த்தா

பிளாக் எம் ஸ்கொயர் கட்டடத்தின் அடித்தளத்தில் பழைய கேசட், இசைத்தட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரை நாள் ஒதுக்குங்கள். கடைக்காரர்களிடம் குழுக்களின் பெயரைச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால் அந்த வாரம் எங்கே என்ன நடக்கிறது என்ற தகவலும் கிடைக்கும்.

தெற்கு ஜகார்த்தாவின் ஸ்ரெங்செங் சாவா பகுதி, 1997இல் தொடங்கிய மார்ஜினால் என்ற பங்க் குழுவின் களம். அவர்களைச் சுற்றி உருவான தாரிங் பாபி சமூகக் கூடத்தில், தெருவில் வளரும் பிள்ளைகளுக்கு உகுலேலே வாசிக்கவும் மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கவும் சட்டையில் படம் பதிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். பேருந்தில் பாடிப் பிழைக்கும் சிறுவனுக்கு அது ஒரு தொழில். இத்தகைய இடங்கள் சுற்றுலாத் தலம் அல்ல. முன்கூட்டிச் செய்தி அனுப்பி, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். போனால் ஓர் அச்சுப் படமாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பெரிய மேடை வேண்டுமென்றால் ஹாமர்சோனிக். 2012 முதல் ஜகார்த்தாவில் நடக்கும் மெட்டல் விழா. உலகப் பெயர் பெற்ற குழுக்கள் வருகின்றன, டிக்கெட் விலையும் அதற்கேற்றபடி இருக்கும். சிக்கனப் பயணத்தில் அது ஒருநாள் ஆடம்பரம்.

பாண்டுங்

இந்தப் பயணத்தில் அதிக நாள் தங்க வேண்டிய ஊர் இதுதான். நகரின் கிழக்கு விளிம்பில் இருக்கும் உஜுங்பெருங் ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த ஊர். பிறகு துணி ஆலைகள் வந்தன. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் எண்பதுகளின் இறுதியிலிருந்து இங்கே மெட்டல் வாசிக்கத் தொடங்கினார்கள். ஜசாத் 1990இலும் பர்கர்கில் 1995இலும் இங்கிருந்து கிளம்பின. பர்கர்கில்லின் பாடகர் ஐவன் 2006இலும், குழுவைத் தொடங்கிய கிதார் கலைஞர் எபென் 2021இலும் இறந்தார்கள். பாண்டுங் இளைஞர்கள் அந்த இரு பெயர்களையும் சொல்லும்போது குரல் தணிகிறது. நீங்களும் மரியாதையோடு கேளுங்கள்.

உஜுங்பெருங் மெட்டல்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இவர்கள் மேற்கத்திய இசையை எடுத்துக்கொண்டு தங்கள் சுண்டானிய மரபைக் கைவிடவில்லை. வழக்கொழிந்து போகும் நிலையில் இருந்த கரிந்திங் என்ற மூங்கில் வாத்தியத்தை, நம் முகர்சிங் மாதிரி வாயருகே வைத்து வாசிப்பதை, இளைஞர்களிடையே மறுபடி பரப்பியதில் இந்த மெட்டல்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கரிந்திங் அட்டாக் என்று அதற்கென்றே ஒரு குழுவும் உருவானது. கரிந்திங் வாசிப்பு நடக்கும் மாலை ஏதாவது தட்டுப்பட்டால் தவறவிடாதீர்கள்.

‘டிஸ்ட்ரோ’ என்ற கடைகளும் பாண்டுங்கின் அடையாளம். தொண்ணூறுகளில் குழுக்களின் கேசட்டையும் சட்டையையும் விற்கத் தொடங்கிய சிறு கடைகள் பின்னாளில் ஓர் ஆடைத் தொழிலாகவே வளர்ந்தன. துருனோஜோயோ, சுல்தான் அகுங் தெருக்களில் நடந்தால் பார்க்கலாம். பெரும்பாலானவை இப்போது வெறும் துணிக்கடைகள். இசை விற்கும் கடை எது என்று கச்சேரியில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

காருட்

2022இல் காருட்டுக்கு ரயில் மறுபடி வந்தது, பல பத்தாண்டுகளாக மூடிக் கிடந்த பாதை. பாண்டுங்கிலிருந்து உள்ளூர் ரயிலிலேயே போகலாம். இந்த மாவட்டத்தின் மலைப்பகுதியான சிங்கஜாயாவில், 2014இல், இஸ்லாமியப் பள்ளியில் படித்த மூன்று சிறுமிகள் ஹிஜாபோடு மெட்டல் வாசிக்க ஆரம்பித்தார்கள். வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரொட் என்ற அந்தக் குழு, எதிர்ப்பையும் மிரட்டலையும் தாண்டி, 2024இல் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழுவானது. அவர்களின் வீட்டைத் தேடிப் போகாதீர்கள். ஊரையும் மலையையும் பாருங்கள், இந்த இசை எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது என்பது புரியும். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர், பயணக் களைப்புக்கும் நல்லது.

யோக்யகர்த்தாவும் சோலோவும்

இரண்டையும் இணைக்கும் மின்சார ரயிலின் கட்டணம் 8,000 ருபியா. எனவே ஒரே ஊரில் தங்கிக்கொண்டு இன்னொன்றுக்குக் கச்சேரிக்குப் போய்வரலாம், கடைசி வண்டியின் நேரத்தை மட்டும் பார்த்து வையுங்கள்.

யோக்யகர்த்தா மாணவர்களின் ஊர். ஓவியமும் இசையும் அரசியலும் இங்கே ஒன்றோடொன்று கலந்தவை. 1998இல் தொடங்கிய தாரிங் பாடி என்ற கலைக்குழுவின் மரக்கட்டை அச்சுச் சுவரொட்டிகளின் சாயலைப் பங்க் ஆல்பங்களின் அட்டைகளில் எங்கும் பார்ப்பீர்கள். தங்கும் செலவும் இந்தப் பாதையில் இங்கேதான் குறைவு.

சோலோவில் 2004 முதல் ராக் இன் சோலோ என்ற மெட்டல் விழா நடந்துவருகிறது. 1956இல் அரசு தொடங்கிய லோகனந்தா என்ற இசைப்பதிவு நிறுவனமும் இங்கே இருக்கிறது. புதுப்பிக்கப்பட்டு 2023இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தோனேசியாவின் ஒலிப்பதிவு வரலாற்றை ஒரே இடத்தில் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. இந்த ஊரின் மேயராக இருந்து பின்னர் நாட்டின் அதிபரான ஜோகோ விதோதோ வெளிப்படையான மெட்டல் ரசிகர். 2013இல் மெட்டாலிக்காவின் ராபர்ட் ட்ருஹியோ தந்த பேஸ் கிதாரை, பரிசு வாங்கியதாக ஆகிவிடக் கூடாதென்று ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தார். ஆணையம் அதைத் திருப்பித் தரவில்லை.

பாலி வரை

ஸ்ரீ தஞ்சுங் காலையில் லெம்புயாங்கானை விட்டு, சுராபாயா வழியாக, அன்றிரவே கெட்டாபாங் சேரும். நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து பாலியின் கிலிமானுக் துறைமுகத்துக்குப் பெரிய படகு. இரவும் பகலும் ஓடுகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாலியின் நேரம் ஜாவாவைவிட ஒரு மணி முந்தியது. சூப்பர்மேன் இஸ் டெட் என்ற பங்க் குழு 1995இல் பாலியின் கூட்டாவில் பிறந்தது. பெனோவா விரிகுடாவை மண் போட்டு நிரப்பும் திட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் அந்தக் குழுவினர் முன்னணியில் நின்றார்கள். கூட்டாவின் விலைவாசி ஜாவாவைவிட அதிகம், ஆகவே பாலியைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரியைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலான கச்சேரிகளின் சுவரொட்டி இன்ஸ்டாகிராமில்தான் வரும், அதுவும் ஒன்றிரண்டு வாரம் முன்னால். ஊருக்குப் போகும் முன்பே அந்த ஊரின் நான்கைந்து குழுக்களைப் பின்தொடருங்கள். அவர்கள் பகிரும் சுவரொட்டிகளே உங்கள் நாட்காட்டி. சுவரொட்டியில் ‘எச்.டி.எம்.’ என்றிருந்தால் நுழைவுக் கட்டணம், ‘ஓ.டி.எஸ்.’ என்றால் வாசலில் வாங்கும் டிக்கெட். இடத்தின் பெயருக்குப் பதிலாகத் தனிச் செய்தியில் கேட்கச் சொல்லியிருந்தால், நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். பொதுவாகப் பதில் வரும், பல சமயம் நிலையத்துக்கே வந்து அழைத்துப் போகவும் ஆள் வரும்.

கச்சேரி பிற்பகலிலேயே தொடங்கிவிடும். பத்துக் குழுக்கள் வரிசையில் இருக்கும். மாலைத் தொழுகை நேரத்தில் இசையை நிறுத்துவார்கள். அந்த இடைவேளையில்தான் பழக்கம் ஏற்படும். பாண்டுங்கில் ஆண்களை ‘காங்’, பெண்களை ‘தேஹ்’ என்று கூப்பிடுங்கள். யோக்யகர்த்தாவிலும் சோலோவிலும் ‘மாஸ்’, ‘ம்பாக்’. நம் அண்ணன், அக்கா போலத்தான், வெறும் பெயரைச் சொல்லி அழைப்பதைவிட மரியாதை.

வாசலிலும் உள்ளேயும்

- நுழைவுக் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தேன் என்று இலவசமாக உள்ளே விடச் சொல்லாதீர்கள்.
- சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.
- ‘லாபாக்’ எனப்படும் தரைக்கடையில் ஏதாவது வாங்குங்கள். கேசட்டோ, கையால் தைத்த ஒட்டுத்துணியோ, ஒளிநகல் எடுத்த சிற்றிதழோ. அந்தப் பணம் நேராகக் குழுவுக்குப் போகிறது.
- முகம் தெரியப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் தெரியாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.
- மேடை முன்னே ஆட்டத்தில் யாராவது விழுந்தால் உடனே கைகொடுத்துத் தூக்குங்கள். இது எழுதாத சட்டம்.
- உள்ளே போனதும் வெளியேறும் வழி எது என்று பாருங்கள். ஒரே வாசல் உள்ள இடம் நிரம்பி வழிந்தால் வெளியே நின்று கேளுங்கள்.
- காதடைப்பான் கட்டாயம். சிறிய அறையில் டெத் மெட்டல் கேட்டுப் போகும் செவித்திறன் திரும்பி வராது.

சாப்பாடு, படுக்கை, செலவு

நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 180 ருபியா என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளை 2,50,000 முதல் 3,00,000 ருபியாவுக்குள், அதாவது 1,400 முதல் 1,650 ரூபாய்க்குள், முடிக்கலாம். பலர் சேர்ந்து தங்கும் விடுதியில் ஒரு படுக்கை, ‘வார்தெக்’ எனும் எளிய சாப்பாட்டுக் கடையில் மூன்று வேளை, நகருக்குள் இருசக்கர வாடகை வண்டி, ஒரு சிறு கச்சேரி, எல்லாம் இதில் அடங்கும். ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் மாணவர்கள் தங்கும் ‘கோஸ்’ அறைகளை விசாரியுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். தெம்பே, தோஃபு, காதோ-காதோ, பெச்செல் எங்கும் கிடைக்கும். நிலக்கடலைச் சட்னியில் ‘தெராசி’ என்ற இறால் விழுது சேர்ப்பார்கள். வேண்டாமென்றால் ‘தன்பா தெராசி’ என்று சொல்லுங்கள்.

சட்டம், எச்சரிக்கை

போதைப்பொருள் வழக்கில் இந்தோனேசியாவில் மரண தண்டனை வரை உண்டு. யார் நீட்டினாலும் தொடாதீர்கள். கடவுச்சீட்டின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். வழியில் கோலாலம்பூரில் கச்சேரிக்குப் போனாலும் இந்த இரண்டு எச்சரிக்கைகளும் பொருந்தும். 2015 ஆகஸ்டில் அங்குள்ள ரூமா அப்பி என்ற இடத்தில் போலீஸ் நுழைந்து, வெளிநாட்டினர் உட்பட 150க்கும் மேற்பட்டோரைப் பிடித்துப் போனது.

ஜாவாவில் கிடைக்கும் சுதந்திரம் நாடு முழுக்க இருப்பதாக நினைக்க வேண்டாம். சுமத்ராவின் ஆச்சே மாகாணத்தில் 2011 டிசம்பரில், கச்சேரி ஒன்றில் 60க்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைப் பிடித்து, தலையை மழித்து, ‘திருத்துவதற்காக’ முகாமில் அடைத்தார்கள். ஜாவாவிலும் எல்லாம் சுலபமில்லை. 2025 பிப்ரவரியில், போலீஸ் லஞ்சத்தைப் பற்றிப் பாடிய புர்பாலிங்கா ஊரின் சுகதானி என்ற பங்க் குழு, முகமூடி கழற்றி மன்னிப்புக் கேட்டு, பாடலைத் திரும்பப் பெற்றது. மறுநாளிலிருந்தே நாடெங்கும் ஆர்ப்பாட்டங்களில் அந்தப் பாட்டு ஒலித்தது. நீங்கள் பார்க்கும் இசைக்கு இப்படிப்பட்ட விலை உண்டு. ஆர்ப்பாட்டங்களில் வெளிநாட்டவர் கலந்துகொள்வது சட்டச் சிக்கலை உண்டாக்கும், உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை அழைத்தவர்களுக்கும்.

எப்போது போகலாம்

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. நோன்பு மாதத்தில் கச்சேரிகள் குறைந்துவிடும். பெருநாளை ஒட்டி நகரமே சொந்த ஊருக்குக் கிளம்புவதால் ரயிலில் ஓர் இடம்கூடக் கிடைக்காது. அந்த வாரங்களைத் தவிருங்கள்.

கடைசியாக ஒன்று. ரயிலிலும் படுக்கையிலும் சாப்பாட்டிலும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சேமியுங்கள். கச்சேரி வாசலில் சேமிக்காதீர்கள். இந்த இசை யாருடைய முதலீட்டிலும் நிற்கவில்லை, வாசிக்கிறவர்களும் கேட்கிறவர்களும் போடும் பங்கில் நிற்கிறது. அங்கே போனால் நீங்களும் ஒரு பங்குதாரர். கட்டணத்தைக் கொடுங்கள், ஒரு கேசட் வாங்குங்கள், ஊர் திரும்பியதும் அந்தக் குழுவைப் பற்றி நான்கு பேரிடம் சொல்லுங்கள்.